உழவு மண்ணில் ஒரு பழங்காசு: மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குமுன்

பழங்காசு தேடி மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்க நினைப்பவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் குடியிராத நெல்வயலுக்குள் காசு எப்படி வந்தது? இது தெரியாமல் இறங்குகிறவர் கருவி ஒலிக்கும் இடத்தையெல்லாம் தோண்டிவிட்டு, மாலையில் ஒரு பை ஆணியோடு வீடு திரும்புவார். தெரிந்தவரும் பெரும்பாலும் ஆணியோடுதான் திரும்புவார்; ஆனால் எப்போதாவது ஒரு காசு கிடைத்தால், அதற்கு எவ்வளவு பொருள் கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

காசு வயலுக்கு வரும் வழிகளில் எல்லோருக்கும் உடனே தோன்றுவது தவறி விழுவது. நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண்கள் சில்லறையை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். ஆண்கள் வேட்டி மடியில் செருகிக்கொள்வார்கள். ஆச்சிமார் சுருக்குப்பையில் வெற்றிலையோடு சேர்த்து வைத்திருப்பார்கள். குனிந்து நிமிரும் வேலையில் முடிச்சு அவிழ்ந்து காசு சேற்றில் விழுந்தால் தேடி எடுப்பது அரிது. எனினும் அறுப்புக்கூலி நெல்லாகவே அளக்கப்பட்ட காலத்தில் வயலுக்குக் காசோடு வந்தவர்கள் குறைவு என்பதால், இப்படி விழுந்தவை வயலின் நடுவைவிடக் களத்துமேட்டிலும், கஞ்சி குடிக்க உட்காரும் மர நிழலிலும், ஆள் நடமாடும் வண்டிப்பாதையின் ஓரத்திலும்தான் மிகுதியாகக் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய வழி குப்பை. வீட்டைப் பெருக்கும்போது திண்ணை இடுக்கிலிருந்தும் உரல் அடியிலிருந்தும் தூசியோடு சேர்ந்து போகும் காசு குப்பைக்குழிக்குப் போகிறது. அங்கே சாணத்தோடும் சாம்பலோடும் மக்குகிறது. உழவுக்கு முன் வண்டியில் ஏற்றப்பட்டு வயலில் சிதறடிக்கப்படுகிறது. எருவடித்த வயல் எதிலும் பானை ஓட்டுத்துண்டும் உடைந்த வளையலும் கிடப்பதற்குக் காரணம் இதுதான். அவற்றைப் பார்த்து "இங்கே ஊர் இருந்திருக்கிறது" என்று முடிவு கட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஊர் இருந்தது அரை மைல் தள்ளி. வயலுக்கு வந்தது அந்த ஊரின் குப்பை.

மூன்றாவது வழி திருநெல்வேலிச் சீமைக்கே உரியது என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இங்கே வழக்கமானது. கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பையை வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். குளம் என்பது ஊரே குளித்த இடம், துணி துவைத்த இடம், மாடு கழுவிய இடம், கரையில் சாமி கும்பிட்டுக் காசு எறிந்த இடம். அத்தனையும் வண்டலில் புதைந்து, கரம்பையோடு சேர்ந்து வயலுக்குப் போய்விடும். ஆகவே ஒரு வயலில் பழங்காசு கிடைத்தால் அது அந்த வயலின் வரலாற்றைச் சொல்கிறதா, இரண்டு தலைமுறைக்கு முன் கரம்பை வந்த குளத்தின் வரலாற்றைச் சொல்கிறதா என்பதை நிலத்துக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்தக் கேள்விக்கு எந்தக் கருவியும் விடை தராது.

வேண்டுமென்றே புதைத்து வைப்பது நான்காவது வழி. மிக அரிதான இதைப் பின்னால் தனியே பார்ப்போம். பேச்சில் மட்டும் இதுவே முதலில் நிற்கும். கையில் கருவியோடு ஒருவர் வயலில் நின்றால் வரப்பில் போகிறவர் எவரும் "புதையலா?" என்றுதான் கேட்பார்.

வந்து சேர்ந்த காசை மண் என்ன செய்கிறது என்பது அடுத்தது. மாட்டு ஏரானாலும் டிராக்டரானாலும், உழவு புரட்டுவது பெரும்பாலும் மேலே உள்ள 10 முதல் 20 சென்டிமீட்டர் வரையிலான மண்ணைத்தான். இந்தப் பகுதியை உழவடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குள் கிடக்கும் எதுவும் ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. ஒவ்வோர் உழவும் அதைச் சற்று நகர்த்துகிறது, சில வேளைகளில் மேலே கொண்டுவருகிறது, சில வேளைகளில் கீழே தள்ளுகிறது. நஞ்சையில் தொளி கலக்கும்போது மண் கூழாகிவிடுவதால், கனமான பொருள் மெல்ல இறங்கி அடியிலுள்ள இறுகிய தட்டின் மேல் தங்கிவிடும். நேற்றுத் தொலைந்த ஐந்து ரூபாயும் நூற்றாண்டுகளுக்கு முந்தைய செப்புக்காசும் அடுத்தடுத்துக் கிடக்கக்கூடிய இந்த உழவடுக்கில் ஆழத்துக்கும் காலத்துக்கும் தொடர்பே இல்லை.

அந்த இறுகிய தட்டுக்குக் கீழே நிலைமை வேறு. கலப்பையின் கொழு தொடாத அந்த மண்ணில் ஒரு பொருள் கிடந்தால், அது வைக்கப்பட்ட இடத்திலேயே, உடன் வைக்கப்பட்டவற்றோடு, தனக்குரிய மண் அடுக்கில் கிடக்கிறது என்று பொருள். தொல்லியல் அறிஞர்கள் அந்தக் கிடக்கையிலிருந்துதான் காலத்தையும் வாழ்க்கையையும் படிக்கிறார்கள். ஆகையால் இந்தப் பொழுதுபோக்கில் நான் முக்கியமாகக் கருதும் ஒழுங்கு ஒன்று உண்டு: உழவடுக்குக்குள் தேடலாம், அதற்குக் கீழே கை வைக்கக் கூடாது.

கருவியின் இயல்பும் இந்த ஒழுங்குக்கு ஏறத்தாழ ஒத்துவருகிறது. தட்டுப் போன்ற அதன் அடிப்பகுதிக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் பிறந்து, அவையும் தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. இந்த எதிர்ப்புலத்தை இரண்டாம் சுருள் உணர்ந்ததும் கருவி ஒலி எழுப்புகிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பது உலோகத்தின் வகையையும் பருமனையும் பொறுத்து மாறுவதால், கருவி அதை ஓர் எண்ணாகத் திரையில் காட்டுகிறது. சாதாரணக் கருவி ஒன்று ஒற்றைக் காசை 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரை உணரும். அதாவது கொழு எட்டும் ஆழமும் கருவி எட்டும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றே.

இந்தக் கருவியின் முன்னோடிகளில் ஒன்றைச் செய்தவர் தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல். 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டறிய அவர் முயன்றபோது, படுக்கையிலிருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பின. குண்டு அகப்படவில்லை. தேடும் பொருளைவிடச் சுற்றியுள்ள இரும்பு உரக்கப் பேசும் என்ற அந்தத் தொல்லை இன்றும் தீரவில்லை. நம் வயல்களில் படுக்கைக்குப் பதில் லாடமும் கம்பி வேலியும் இருக்கின்றன.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சித்தப்பாவுக்கு ஒரு வயல் உண்டு. பிசானம் அறுத்து, மாசிக் கடைசியில் ஒரு சிறு மழை பெய்த மறுநாள், அவருடைய ஒப்புதலோடு இரவல் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே இரண்டு மணி நேரம் நடந்தேன். கருவியின் தட்டு தரையை ஒட்டிப் போக வேண்டும். அறுத்த தாள் ஒரு சாண் உயரம் நின்றால் அந்த ஒரு சாணும் ஆழத்தில் கழிந்துவிடும். ஆகையால் தாளை மிதித்து மடக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முதலில் வந்தது பாதி லாடம். அடுத்து மூன்று ஆணிகள், ஒரு சோடா மூடி, பூச்சிமருந்து உறையின் அலுமினியத் தாள், பிறகு சதுரமான ஐந்து காசு அலுமினிய நாணயம். பம்புசெட் கொட்டகைப் பக்கம் போனதும் மின்கம்பியின் தாக்கத்தால் கருவி ஓயாமல் பிதற்றத் தொடங்கியது. வரப்பில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "ஏல, என்ன கெடச்சுது?" என்றார். "லாடந்தான் சித்தப்பா." "நம்ம மயிலக்காளைக்கு அடிச்சதா இருக்கும், குடு" என்று வாங்கித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியாகக் கிழக்கு வரப்பை ஒட்டி, எந்தப் பக்கமிருந்து தட்டை வீசினாலும் மாறாத தெளிவான ஓசை ஒன்று வந்தது. இரும்பானால் ஒரு பக்கம் ஒலித்து மறுபக்கம் கரகரக்கும். இரு பக்கமும் ஒரே சீராக ஒலிப்பது செம்பு, வெள்ளி போன்றவற்றின் அடையாளம். களைக்கொத்தியால் மூன்று பக்கம் வெட்டி மண்ணைப் பாளமாகப் புரட்டினேன். ஒரு விரற்கடை ஆழத்தில், நடுத்துளையில் களிமண் அடைத்துக்கொண்டு, ஓர் ஓட்டைக் காலணா கிடந்தது. 1943 முதல் 1947 வரை, போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் அடிக்கப்பட்ட நாணயம் அது. விலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்த்த சித்தப்பா அரை மணி நேரம் பேசினார்.

கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெள்ளி, செம்பு, தங்கம், அலுமினியம் என்ற வரிசையில் மின்கடத்தும் திறன் குறைகிறது. ஆனால் கருவி உணர்வது பொருளின் பருமனையும் சேர்த்துத்தான். தென்னாட்டில் புழங்கிய 'பணம்' என்ற தங்கக் காசு ஒரு மிளகை நசுக்கியது போலச் சிறியது, எடை அரை கிராமுக்கும் குறைவு. அது மண்ணுக்குள்ளிருந்து எழுப்பும் ஓசை சிகரெட் உறையின் தாள் எழுப்பும் ஓசையை ஒத்திருக்கும். தாள்களைத் தோண்டிச் சலித்துப்போய் அந்த வகை ஓசைகளைக் கருவியில் அடைத்துவிடுகிறவர், தங்கப் பணத்தையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்.

மண்ணும் ஏமாற்றும். சிறுவயதில் உடைந்த ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தெரு மணலில் இழுத்தவர்களுக்கு, அதில் மயிர்போல் ஒட்டிக்கொண்டு வந்த கறுப்புத் தூள் நினைவிருக்கும். காந்தம் இழுக்கும் அந்த இரும்புக் கனிமத்தையே கருவியும் உணர்கிறது. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரிச் செம்மணலிலும், கனிம மணல் ஒதுங்கும் கடற்கரையிலும், அங்குள்ள மண்ணுக்கேற்ப அதைப் பழக்காமல் பயன்படுத்தினால் வெறுந்தரையே ஓசை எழுப்பும். உப்பேறிய ஈரமண் மின்னைக் கடத்துவதால் அதுவும் ஓர் உலோகத்தைப் போல் நடிக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் வேறு வகை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் அந்த மண்ணில், காசு வெடிப்பு வழியே கருவிக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். உழவடுக்கு என்ற கணக்கே அங்கே தளர்ந்துவிடுகிறது. தாமிரபரணிப் பாசனத்து வண்டல்மண் தொடக்கக்காரருக்கு இவ்வளவு தொல்லை தருவதில்லை.

கிடைக்கக்கூடிய காசுகளைப் பற்றி ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. மிகுதியாகக் கிடைப்பவை சுதந்திரத்துக்குப் பிந்தைய அலுமினியக் காசுகள். அடுத்து, ஆங்கிலேய அரசின் காலணாக்களும் தம்பிடிகளும்; ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அதுவே பன்னிரண்டு தம்பிடி. அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக்காசுகள். சென்னை மாகாணத்துக்காக 1803இல் அடிக்கப்பட்ட காசு வரிசை அவற்றுள் ஒன்று. 1658 முதல் தூத்துக்குடியில் இருந்த டச்சுக்காரர்களின் செப்புக்காசில், ஒன்றின் மேலொன்றாகப் பின்னிய மூன்று எழுத்துகளைக் காணலாம். நாம் பணத்தைத் 'துட்டு' என்பது அந்த டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த ஊர் என்பதால், மேற்கே போகப் போக அந்த அரசின் 'சக்கரம்' என்ற மிகச்சிறிய வெள்ளிக் காசும் எதிர்பார்க்கத் தக்கதே. இன்னும் பின்னே போனால் நாயக்கர் காசு, கயல் பொறித்த பாண்டியர் காசு, ஒருபுறம் நின்ற உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் காசு ஆகியவை வருகின்றன.

இனிச் சட்டம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், அது என்ன, எவ்வளவு பெறும், எங்கே எப்போது கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பணம். இன்று அந்த வரம்புக்குள் அடங்கும் பழங்காசே இல்லை எனலாம். உரிமை கோருவார் இல்லாத புதையலென்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்ற பகுப்பும் அதே சட்டத்தில் உண்டு. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அறிவிக்காமல் மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறைக்கும் உள்ளாகலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமம் இன்றித் தொல்பொருள் வணிகம் செய்யவும் முடியாது. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் தகவல் மேலே போகும்; ஆனால் எழுத்து மூலம் தரும் அறிவிப்புக்கு அது ஈடாகாது.

நிலத்துக்காரரின் ஒப்புதல் என்பதையும் மேலோட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பக்கத்தில் கோயில் நிலங்கள் ஏராளம். பயிரிடுகிற குத்தகைதாரர் தலையசைத்தால் அது நிலத்துக்குரியவரின் ஒப்புதல் ஆகாது. வரப்பைத் தோண்டக் கூடாது, எல்லைக்கல்லின் பக்கம் போகவே கூடாது. காசு தேடப்போய் இரண்டு பங்காளிகளுக்கிடையே வழக்கை மூட்டிவிடுவது எளிது.

கால் வைக்கவே கூடாத இடங்கள் உண்டு. 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பு அவற்றுள் முதன்மையானது. 1876இல் அங்கே தோண்டிய ஜாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். கொற்கை, சிவகளை, நம்பியாற்றங்கரைத் துலுக்கர்பட்டி என அண்மைவரை அகழாய்வு நடந்த ஊர்கள் இன்னும் பல. தொல்பொருள் தேடி அகழ்வதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும்; தனி ஆளின் ஆர்வம் அதற்கு ஈடாகாது. அறிவிப்புப் பலகை இல்லாத இடத்திலும் ஓர் அடையாளம் உண்டு. சுற்றியுள்ள வயல்களைவிட மேடாக இருந்து, கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் காலில் இடறும் அளவுக்கு அடர்ந்து கிடந்தால் அது எருவோடு வந்த குப்பையாக இருக்க முடியாது. அங்கே கருவியை அணைத்துவிட வேண்டும்.

முன்பு தனியே வைத்த நான்காம் வழிக்கு இப்போது வரலாம். ஓரிடத்தில் ஒரு காசுக்குப் பின் இன்னொன்று, அடுத்தது என்று கைப்பிடிக்குள் அடங்கும் பரப்பில் கிடைத்தாலோ, கலயத்தின் விளிம்பு தென்பட்டாலோ, கலப்பை ஒரு சேமிப்பின் மேற்பகுதியைக் கிளறிவிட்டிருக்கிறது, மீதி கீழே அசையாமல் இருக்கிறது என்று கொள்ளலாம். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற ஊர் வயலில் நடந்தது இதற்கு நல்ல பாடம். உழவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடித்தரக் கருவியோடு போன அவருடைய நண்பருக்கு ரோமானியர் காலத்துக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் அகப்பட்டன. முழுவதையும் வாரி எடுக்காமல் அவர் நிறுத்திக்கொண்டு தகவல் சொல்ல, தொல்லியல் குழு வந்து முறையாக அகழ்ந்தது. 14,865 காசுகளோடு, அவை வைக்கப்பட்டிருந்த மரப்பெட்டியின் எச்சங்களும், எந்தப் பொருள் எதன் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தது என்ற விவரமும் தெரியவந்தன. கையால் வாரியிருந்தால் காசு கிடைத்திருக்கும், பெட்டி காணாமல் போயிருக்கும். சுத்தியலும் பிறகு கிடைத்தது. அது இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிடைத்த காசைப் புளி போட்டு விளக்கக் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பொருந்தும் அந்தக் கைப்பழக்கம் செப்புக்காசின் எழுத்தையே தின்றுவிடும். எலுமிச்சையும் அப்படியே. பச்சைக் களிம்பின் மெல்லிய படலத்துக்குள்தான் பல நூற்றாண்டாக உருவம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதை நீக்கினால் வழவழப்பான செம்புத் தகடு மட்டும் மிஞ்சும். நல்ல தண்ணீரில் மண்ணைக் கரையவிட்டு, நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு வைத்தால் போதுமானது. பொட்டாஷ் உரம் தொடர்ந்து இட்ட வயலில் கிடைத்த காசில் வெளிறிய பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால், உரத்தின் குளோரைடு உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். அதைத் தனியே எடுத்து உலர்வாக வைக்க வேண்டும்.

உறையின் மேல் உடனே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விடக் கூடாது. சர்வே எண், வரப்பிலிருந்து எத்தனை எட்டு, எத்தனை விரற்கடை ஆழம், மண் எப்படி, கைபேசி காட்டும் இருப்பிட எண்கள், உடன் கிடைத்தவை என்ன என்பன போதும். அந்த ஓட்டைக் காலணாவுக்கும் இப்படித்தான் எழுதினேன்: கிழக்கு வரப்பிலிருந்து நான்கு எட்டு, ஒரு விரற்கடை ஆழம், வண்டல், அருகே ஓட்டுத்துண்டு இரண்டு. எழுதி முடித்து, இந்த மூலையில் முன்பு களமோ பாதையோ இருந்ததா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். இல்லை என்றார். சற்று யோசித்து, தாத்தா காலத்தில் அந்தக் கிழக்கு மூலை பள்ளமாகக் கிடந்ததாகவும், ஊர்க் குளத்துக் கரம்பையை இருபது வண்டிக்கு மேல் அடித்து மேடாக்கியதாகவும் சொன்னார். அதையும் உறையின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.